புதுப் போன் வாங்குமுன் சார்ஜ் ஏறும் துளையைப் பாருங்கள்

கேள்வி: ஆடுதுறைக்குப் பக்கத்தில் பதினாறு ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 49. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆண்ட்ராய்டு போன், 64 ஜிபி நினைவகம். வாடிக்கையாளர்கள் ஜாக்கெட் மாதிரிகளை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். கூலியும் போன் வழியாகத்தான் வருகிறது. இப்போது 'இடம் இல்லை' என்று தினமும் காட்டுகிறது. சார்ஜர் ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. ஏறினாலும் மதியம் மூன்று மணிக்குத் தீர்ந்துவிடுகிறது. அரக்கு நிறச் சேலையைப் படமெடுத்து அனுப்பினால் பழுப்பாகத் தெரிகிறது என்கிறார்கள். போன மாதம் ஒருவர் பணம் அனுப்பிவிட்டதாகத் தன் போனைக் காட்டிவிட்டு மூன்று ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். பணம் வரவே இல்லை. மகன் 25,000 ரூபாய்க்குத் தவணையில் புதுப் போன் வாங்கிக்கொள் என்கிறான். வாங்கலாமா? இதையே ஒழுங்காகப் பயன்படுத்த வழி இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து குறைகளில் ஒன்றுகூடப் புதுப் போனால் நிலையாகத் தீராது. அதே கடை, அதே மேசை, அதே வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கும்வரை புதுப் போனும் இரண்டே ஆண்டுகளில் இதே நிலைக்கு வந்து நிற்கும். அப்போதும் தவணை பாக்கி இருக்கலாம். பத்தொன்பது ஆண்டுகளாகப் போன் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற உரிமையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒயர். உங்கள் கடிதத்தில் 'தையல் கடை' என்ற சொல்லைப் படித்ததுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தையல்காரர்கள், மெத்தைக் கடைக்காரர்கள், நெசவுக்காரர்கள் ஆகியோரின் போன்களைத் திறக்கும்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றுதான்: சார்ஜ் ஏறும் துளைக்குள் துணித் தூசு. துணி வெட்டும்போது பறக்கும் நுண்ணிய பஞ்சு துளைக்குள் போகிறது. ஒவ்வொரு முறை ஒயரைச் செருகும்போதும் அது உள்ளே அமுங்குகிறது. மாதக்கணக்கில் அமுங்கி அமுங்கி, கடைசியில் அடிப்பக்கம் கெட்டியான பஞ்சுக் கட்டியாகப் படிந்துவிடுகிறது. ஒயரின் முனை முழுதாக உள்ளே போக முடிவதில்லை. வளைத்துப் பிடித்தால்தான் தொடுகிறது. பலர் இதற்காகச் சார்ஜரை மாற்றுகிறார்கள், ஒயரை மாற்றுகிறார்கள், கடைசியில் போனையே மாற்றுகிறார்கள்.

போனை முழுமையாக அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் துளைக்குள் பாருங்கள். மரத்தாலான பல்குச்சியின் நுனியைச் சற்றுச் சீவி மெலிதாக்கிக்கொண்டு, ஓரங்களில் மெதுவாக நெம்பி அந்தப் பஞ்சை வெளியே இழுங்கள். உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் ஊசியும் குண்டூசியும் இருக்கும். தயவுசெய்து அவற்றை எடுக்காதீர்கள். டைப்-சி துளையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது, அதன் இரு பக்கமும் முலாம் பூசிய தொடுமுனைகள். உலோகம் பட்டால் அவை கீறிக்கொள்ளும், வளையும். பிறகு சார்ஜ் பின்னையே மாற்ற வேண்டிவரும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போய்ப் பச்சைக் களிம்பு படியும். சுத்தம் செய்தபின் ஒயரைச் செருகினால் 'டிக்' என்று உட்காரும். அந்த ஓசை கேட்டால் வேலை முடிந்தது.

ஒலிபெருக்கித் துளைகளிலும் இதே பஞ்சுதான் அடைத்திருக்கும். 'எதிர்முனையில் பேசுவது மெதுவாகக் கேட்கிறது' என்ற குறை உங்களுக்கு இருந்தால், தையல் இயந்திரத்தின் பாபின் பகுதியைத் துடைக்கும் தூரிகை போல ஒன்று, எண்ணெய் படாத புதியது, வாங்கி மேலாகத் தேய்த்துவிடுங்கள். இனி வெட்டும் மேசையில் போனை வைக்காமல், ஒரு சிறு துணிப் பையோ மூடியுள்ள டப்பாவோ வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பேட்டரி. இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறது, போன் எங்கே சார்ஜ் ஏறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். தையல் கடைகளில் பெரும்பாலும் ஒரே பலகையில் இரண்டு பிளக்கும் அடுத்தடுத்து இருக்கும். உங்கள் போனில் இருக்கும் லித்தியம் அயனி வகைப் பேட்டரிக்கு வெப்பத்தைப் போன்ற எதிரி வேறில்லை. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. சித்திரை, வைகாசியில் நம் கடைகளில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். தகரக் கூரையும் இஸ்திரிச் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். போன் சார்ஜ் ஏறும்போது தானும் சூடாகும். மூன்று சூடும் சேர்ந்து பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடுகின்றன.

இன்னொரு பழக்கம், காலையில் கடை திறந்ததும் செருகிவிட்டு மாலைவரை அப்படியே விடுவது. நூறு சதவீதத்தில் மணிக்கணக்கில் நிற்பது இந்த வகைப் பேட்டரிக்கு நல்லதல்ல. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்திருந்தால் நீண்ட காலம் உழைக்கும். இப்போது பல போன்களில் எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி பேட்டரி செட்டிங்ஸில் இருக்கிறது. உங்கள் போனில் இருந்தால் இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் சாப்பாட்டு வேளையில் ஒரு முறை, கடை மூடுமுன் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோக்கியா காலத்தில் 'முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது அந்தக் கால நிக்கல் பேட்டரிகளுக்குச் சொன்னது. இப்போதுள்ளதற்கு அது பொருந்தாது, கெடுதலும்கூட.

சார்ஜ் எங்கே போகிறது என்பதைப் போனே சொல்லும். செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதிக்குள் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்ற பட்டியல் இருக்கும். ஒரு மாலை அதைத் திறந்து பாருங்கள். நீங்கள் தொடவே தொடாத செயலி ஒன்று மேலே இருந்தால், அதை நீக்கிவிடுங்கள். நீக்க முடியாவிட்டால் பின்னணியில் ஓடாதபடி தடுத்துவிடுங்கள். 'போனை வேகமாக்கும்', 'பேட்டரியைச் சேமிக்கும்', 'குப்பையைத் துடைக்கும்' என்று சொல்லிக்கொண்டு வரும் செயலிகள் ஏதாவது இருந்தால் முதலில் அவற்றை அகற்றுங்கள். அவை விளம்பரம் காட்டுவதற்காகவே நாள் முழுதும் விழித்திருப்பவை. அதேபோல, அடிக்கடி எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளி மூடுவதால் சார்ஜ் மிச்சமாவதில்லை. ஐந்து நிமிடத்தில் மறுபடி வாட்ஸ்அப்பைத் திறக்கப்போகிறீர்கள். முதலிலிருந்து அது எழுந்து வருவதற்குத்தான் அதிகம் செலவாகும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: சிக்னல். தகரக் கூரைக்குக் கீழே அலைவரிசை வலுவாக வராது. கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் அலைபரப்பின் வலுவைக் கூட்டிக்கொண்டே இருக்கும். எட்டாத ஆளைக் கத்திக் கூப்பிடுவது போல. நீங்கள் ஒரு முறைகூடத் தொடாமலிருந்தாலும் சார்ஜ் இறங்கும். கடையில் எந்த இடத்தில் நான்கு கோடுகள் தெரிகின்றனவோ அங்கே போனை வைக்க ஒரு தட்டு அடித்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரமாக இருக்கலாம், ஆனால் வெயில் விழாத பக்கம்.

இவ்வளவும் செய்து பதினைந்து நாள் பார்த்துவிட்டு, அப்போதும் மூன்று மணிக்கே தீர்ந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது என்று பொருள். நான்கு ஆண்டு உழைத்த பேட்டரிக்கு அது இயல்பு. சுமார் ஐந்நூறு முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகு பல பேட்டரிகள் தங்கள் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றன. போன் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் அசல் பேட்டரி மாற்றுங்கள். புதுப் போன் விலைக்கு முன் அது சிறு தொகை. ஆனால் ஒரு விஷயத்தில் தாமதிக்கக் கூடாது: போனின் பின்மூடி உப்பியிருந்தாலோ, திரை ஓரம் தூக்கியிருந்தாலோ அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம், குத்த வேண்டாம். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். துணிகளுக்கு நடுவே இருப்பவர் நீங்கள்.

இனி 'இடம் இல்லை' என்ற தொல்லை. 64 ஜிபி குறைவுதான் என்றாலும் உங்கள் தொழிலுக்குப் போதாத அளவு அல்ல. இடத்தை அடைத்திருப்பது உங்கள் வேலைப் படங்கள் அல்ல என்று பந்தயம் கட்டியே சொல்வேன். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று போங்கள். எந்தக் குழு எத்தனை ஜிபி வைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பலமுறை பகிரப்பட்டவை தனியாக, 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக இருக்கும். காலை வணக்கப் படங்கள், சாமி வீடியோக்கள், யாரோ யாருக்கோ அனுப்பிய மருத்துவக் குறிப்புகள் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். பலமுறை பகிரப்பட்டவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரிகளில் வேண்டியவற்றை முன்னதாகவே நட்சத்திரமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உரையாடலைத் துடைக்கும்போது நட்சத்திரமிட்டவற்றை மட்டும் விட்டுவிடும்படி சொல்லலாம்.

பிறகு குழாயை அடைக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டி மறுபடி நிரம்பும். அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில், தானாகப் பதிவிறங்கும் வசதி இருக்கிறது. மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் படம், வீடியோ எல்லாவற்றின் குறியையும் எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் தொட்ட படம் மட்டுமே போனுக்குள் வரும். குடும்பக் குழு, ஊர்க் குழு, பள்ளித் தோழிகள் குழு ஆகியவற்றில் மட்டும் ஊடகங்கள் கேலரியில் தெரியாதபடி நிறுத்திவிடலாம். அதைச் செய்த பிறகு கேலரியைத் திறந்தால் உங்கள் ஜாக்கெட் படங்கள் மட்டும் இருக்கும். ஒரு வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது 'போன தீபாவளிக்குத் தைத்த அந்தப் படகுக் கழுத்து' என்று தேடுவது எத்தனை எளிதாகிறது என்று பாருங்கள்.

நினைவகம் விளிம்புவரை நிரம்பினால் போன் மந்தமாகிவிடுகிறது, அதனால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன். உள்ளே இருக்கும் நினைவகச் சில்லு புதிதாக எதையாவது எழுத வேண்டுமானால் முதலில் காலி இடம் தேடி, பழையதை நகர்த்தி, துடைத்து, பிறகுதான் எழுதும். வெட்டும் மேசை முழுதும் துணி குவிந்திருக்கும்போது ஒரு பாவாடைத் துணியை விரிக்க நீங்கள் படும் பாடுதான் அதுவும் படுகிறது. எட்டு, பத்து ஜிபியாவது எப்போதும் காலியாக வைத்திருங்கள்.

கூகுள் போட்டோஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. இதில் தவறு செய்து பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களை இழந்தவர்கள் என் கடைக்கு வந்து அழுதிருக்கிறார்கள். அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலிருந்தும் இணையச் சேமிப்பிலிருந்தும் இரண்டிலுமே அழியும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால், 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அது ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்டவற்றை மட்டும் போனிலிருந்து எடுக்கும். கூகுள் கணக்கு ஒன்றுக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் மாதத்திலிருந்து புதிதாக ஏறும் படங்கள் எல்லாமே அந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் காப்பும் (பேக்கப்) இப்போது அதிலேயே சேர்கிறது. ஆகவே வாட்ஸ்அப் காப்பில் வீடியோக்களைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஆடி மாதத்தில் கை சற்று ஓயும்போது, முக்கியமான படங்களை ஒரு பென் டிரைவிலோ கணினியிலோ நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

அரக்கு பழுப்பாவதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் பக்கத்திலேயே திருபுவனம் இருக்கிறது; பட்டின் நிறத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கேமராவுக்குப் பட்டு என்று தெரியாது. கடையில் எரியும் எல்இடி விளக்கின் நிறத்தைக் கழித்துவிட்டு 'உண்மையான' நிறம் எதுவாக இருக்கும் என்று அது ஊகிக்கிறது. படம் முழுதும் ஒரே நிறமாக அரக்கு நிரம்பியிருந்தால், அதையும் விளக்கின் நிறம் என்று எண்ணிக் கழித்துவிடுகிறது. வழி மிக எளியது. காலை பத்து மணிக்குள்ளோ மாலை நான்கு மணிக்கு மேலோ, நேர்வெயில் படாத ஜன்னலோர வெளிச்சத்தில் விரியுங்கள். கடையின் விளக்குகளை அணைத்துவிடுங்கள், இரு வகை வெளிச்சம் கலந்தால் எந்தக் கேமராவும் குழம்பும். சேலையின் ஓரத்தில் ஒரு முழ வெள்ளைக் காடாவையும் படத்துக்குள் வருமாறு வையுங்கள். வெள்ளை எது என்று தெரிந்துவிட்டால் மற்ற நிறங்கள் தாமாகச் சரியாகும். பிறகு அந்த வெள்ளைப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பலாம்.

ஜரிகைக்கு ஃபிளாஷ் போடவே கூடாது. வெள்ளையாகப் பளிச்சிட்டு வேலைப்பாடு அழிந்துபோகும். ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துச் சற்றுச் சாய்வாக எடுத்தால் ஆரி வேலையின் மேடுபள்ளம் நிழலோடு விழும். திரையில் ஜரிகை இருக்கும் இடத்தை விரலால் தொட்டால் அங்கே கூர்மை கூடும். தொட்ட இடத்தில் தோன்றும் சிறு சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். இவற்றுக்கெல்லாம் முன்னால், பின்பக்கக் கண்ணாடியை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். இயந்திர எண்ணெய் பட்ட விரல் அங்கே படாமல் இருக்காது. படம் புகைமூட்டமாக இருக்கிறது என்று வருபவர்களில் பலருக்கு நான் இதை மட்டும்தான் செய்து அனுப்புகிறேன், காசும் வாங்குவதில்லை. அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் 'ஹெச்டி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நூலின் பின்னல்கூடத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் தொழிலுக்கு அது மிகப் பொருந்தும். வாட்ஸ்அப் பிசினஸ் என்று ஒரு தனிச் செயலி இருக்கிறது, இலவசம். இப்போதுள்ள எண்ணையே அதற்கு மாற்றிக்கொள்ளலாம்; உரையாடல்களும் கூடவே வரும், ஆனாலும் முதலில் ஒரு காப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வண்ணச் சீட்டு ஒட்டலாம்: புதிய ஆர்டர், பணம் பாக்கி, வேலை முடிந்தது. 'பணம் பாக்கி' என்ற சீட்டைத் தொட்டால் பாக்கிக்காரர்கள் மட்டும் வரிசையாக வருவார்கள். முகூர்த்த மாதங்களில் எது யாருடையது என்ற குழப்பம் எவ்வளவு குறையும் என்று எண்ணிப் பாருங்கள். கடை மூடியபின் வரும் செய்திகளுக்கு 'காலை ஒன்பதரைக்குப் பதில் தருகிறேன்' என்று தானாகவே பதில் போகச் செய்யலாம். இரவு பதினொரு மணிக்கு 'ஜாக்கெட் ஆச்சா அக்கா?' என்று கேட்பவர்களுக்கு நீங்கள் எழுந்து பதில் எழுத வேண்டியதில்லை.

அளவு குறிக்கும்போது ஒரு கையில் டேப், மறு கையில் துணி. எழுத ஆள் இருக்காது. கூகுளின் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுவிட்டுச் சொன்னாலே எழுதிக்கொள்ளும். 'தோள் பதினான்கரை, கை நீளம் ஒன்பது, முன்கழுத்து ஏழு' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். அரை, கால் வரும் இடங்களில் ஒரு முறை கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் தடுமாறும். அந்தக் குறிப்பையும் அளவு ஜாக்கெட்டின் படத்தையும் கூகுளின் கீப் என்ற குறிப்புச் செயலியில் அந்த அம்மாளின் பெயரில் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அவர் துணியை மட்டும் கொடுத்தனுப்பினாலும் போதும். நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அது இருக்கட்டும், இது துணைக்கு. தட்டி எழுதவே பிடிக்கும் என்றால், தமிழ்99 விசைமுறை தரும் செல்லினம் இருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது, 2005 முதலே தமிழைக் கைபேசிக்குக் கொண்டுவந்த செயலி.

உங்களுக்கு 49 வயது. ஊசியில் நூல் கோக்கக் கண் சுருங்கத் தொடங்கியிருக்கும். செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியில் எழுத்தின் அளவையும் திரையின் அளவையும் தனித்தனியே கூட்டலாம். இரண்டையும் ஒரு படி கூட்டிப் பாருங்கள். பிரிந்த தையலையோ நுண்ணிய ஜரிகையையோ பார்க்கக் கேமராவைத் திறந்து இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அதுவே பூதக்கண்ணாடி.

பணம் வராத கதைக்கு வருகிறேன். மூன்று ஜாக்கெட்டின் உழைப்பு போனது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பணம் போனதாகப் பச்சைக் குறியோடு காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. தொகை, கடையின் பெயர், நேரம் எல்லாவற்றையும் அவரவரே நிரப்பிக்கொள்ளலாம். ஆகவே எதிராளியின் திரை எதற்கும் சான்றல்ல. உங்கள் போனில் உங்கள் செயலியைத் திறந்து, பரிவர்த்தனைப் பட்டியலில் அந்தத் தொகை வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பையைக் கொடுங்கள். குறுஞ்செய்தியையும் முழுமையாக நம்ப வேண்டாம், அதையும் போலியாக அனுப்புகிறார்கள். கூட்டமான நாட்களுக்கு, தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி ஒன்றை உங்கள் யுபிஐ நிறுவனத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையையும் காலையில் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அதன் மேலேயே வேறொருவர் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டும் நடக்கிறது.

பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. 'பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை அழுத்துங்கள்' என்று யார் சொன்னாலும் அவர் எடுக்க வந்தவர். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், மின்கட்டண பாக்கி என்று பெயரிட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை, அதாவது தொட்டால் போனில் செயலியை நிறுவும் கோப்புகளை, தொடாதீர்கள். தெரிந்தவரின் எண்ணிலிருந்தே வந்தாலும் தொடாதீர்கள், அவருடைய போன் ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். 'உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்' என்று வீடியோவில் சீருடையோடு மிரட்டினால் உடனே துண்டித்துவிடுங்கள். நம் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் நிறுத்த வாய்ப்பு இருப்பது தொடக்க நேரத்தில்தான். வாட்ஸ்அப்பில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற ஆறு இலக்கப் பூட்டை இன்றே போடுங்கள். கணக்கு திருடப்பட்டால் உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடம்தான் கடன் கேட்பார்கள்.

*#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, நோட்டில் குறித்துவையுங்கள். இரட்டை சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் எழுதுங்கள். போன் தொலைந்தால் காவல்துறையில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு போனையே முடக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதையும் அங்கே பார்க்க முடியும்.

அப்படியானால் எப்போதுதான் புதுப் போன் வாங்குவது? செட்டிங்ஸின் கடைசியில் போனைப் பற்றிய பகுதியில், பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதிய புதுப்பிப்பும் வரவில்லை என்றால், நிறுவனம் உங்கள் போனைக் கைவிட்டுவிட்டது என்று கொள்ளலாம். அந்த நிலையில் பணம் சம்பந்தப்பட்ட வேலைக்கு அதை வெகுகாலம் நம்ப முடியாது. வங்கிச் செயலி 'இந்தப் போனில் இயங்காது' என்று சொல்லத் தொடங்கினாலும் வாங்க வேண்டியதுதான். அப்போதும் 25,000 தேவையில்லை. விலையைவிட, எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தருவதாக நிறுவனம் எழுத்தில் சொல்கிறது என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள் உங்கள் மகனிடம். நினைவகம் 128 ஜிபிக்குக் குறையக் கூடாது.

பஞ்சை எடுத்த பிறகும் ஒயர் ஆடினால் சார்ஜ் பின் தேய்ந்துவிட்டது என்று பொருள். பழுதுக்குத்தான் கொடுக்க வேண்டும். என் தொழிலைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆனாலும் உங்கள் போனில் இருப்பவை உங்கள் படங்கள் மட்டுமல்ல. அளவுக்காகவும் மாதிரிக்காகவும் உங்களை நம்பி ஊர்ப் பெண்கள் அனுப்பிய படங்கள் அவை. கொடுக்குமுன் காப்பு எடுத்துவிட்டு, சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். சில போன்களில் பழுதுபார்ப்பவருக்கென்றே, படங்களும் செய்திகளும் தெரியாதபடி மறைக்கும் 'மெயின்டனன்ஸ் மோட்' இருக்கிறது. இருந்தால் அதை இயக்கிவிட்டுக் கொடுங்கள். சார்ஜ் பின்னை மாற்றுவதற்குத் திரைப் பூட்டின் எண் தேவையில்லை, கேட்டாலும் தர வேண்டாம். சார்ஜ் ஏறுகிறதா என்பதைப் பூட்டியிருக்கும் திரையிலேயே பார்த்துவிடலாம். முடிந்தால் எதிரிலேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வாருங்கள், ஒரு மணி நேர வேலைதான். விட்டுவிட்டு வர நேர்ந்தால் ரசீதில் ஐஎம்இஐ எண்ணையும் எழுதி வாங்குங்கள்.